அமைச்சராயிருந்து ஆசார்யரான திருவாய்மொழிப் பிள்ளை

தென்னாசார்ய மரபு வழங்கும் திருமால் கோயில்களில் அருளிச்செயல் கோஷ்டி தொடங்கும்போது முதலில் ஓதப்பெறும் தனியனை அறியாத அடியார் இரார். அது மணவாள மாமுனிகளைப் போற்றும் தனியன். ஆயினும் அதன் தொடக்கத்தில் நிற்பது மாமுனிகளின் திருநாமம் அன்று. அவருக்கு ஆசார்யராய் வாய்த்தவரின் திருநாமம். ஸ்ரீசைலேசர் என்று அங்கே குறிக்கப்பெறுபவரே திருமலையாழ்வார் என்று பெயர் பெற்று, பின்னாளில் திருவாய்மொழிப் பிள்ளை என்று உலகம் கொண்டாட நின்ற பெரியவர்.

நாள்தோறும் எண்ணற்ற நாவுகள் ஓதும் அத்திருநாமத்துக்கு உரியவர், தம் வாழ்நாளின் முற்பகுதியில் மடத்திலோ கோயிலிலோ வாழ்ந்தவர் அல்லர். மதுரை அரசின் சுமையைத் தலைமேற்கொண்டு, விடிந்தது முதல் அடையும் வரை அரசுப் பணியிலேயே மூழ்கியிருந்த அமைச்சர் அவர். பிறரை நடத்திச் செல்லும் ஆற்றல் அவருக்கு இளமையிலேயே கைவந்தது. தமக்கென ஒரு நாழிகையை ஒதுக்கிக்கொள்ளும் ஆற்றலோ நெடுநாள் கைவரவில்லை. இவ்விரண்டும் அவரிடத்தில் ஒன்றுகூடிய வரலாறு, விழாக்காண வந்திருக்கும் அடியார்கள் அனைவரும் கேட்கத்தக்கது.

சிலமலையிலும் போடிநாயக்கனூரிலும் வாழ்வோர்க்கு இது இன்னும் நெருக்கமானது. இருள் பிரியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியே ஏலமலைக்குச் சென்று, விளக்கு வைத்தபின் வீடு திரும்புவோர் இங்கே மிகுதி. பழம் எடுக்கும் பெண்களும், வேலை வாங்கும் கங்காணிகளும், தோட்டக் கணக்கு எழுதுவோரும், ஏலக்காய் வணிகரும் நாள் முழுவதையும் தொழிலுக்கே அளந்து கொடுத்துவிட்டு, இல்லத்துக்கும் இறைவனுக்கும் எஞ்சுவது யாது என்று தேடும் நிலையில் இருக்கின்றனர். அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே இதே பாண்டி நாட்டில் ஓர் அமைச்சர் இதே கேள்வியின் முன் நின்றார்.

கொந்தகையில் திருவவதாரம்

மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையை ஒட்டிய பகுதியில் உள்ளது கொந்தகை. வைணவப் பெரியோர் இதனைக் குந்தீநகரம் என்பர். கீழடிக்கு அண்மையில் அமைந்த இவ்வூரில், 2020 ஆம் ஆண்டு தொடங்கித் தொல்லியல் துறையினர் நிகழ்த்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகள் பல வெளிப்பட்டு, ஊரின் பழமை உலகறியச் செய்யப்பட்டது. அத்தகைய தொன்மை வாய்ந்த ஊரில், வைகாசித் திங்கள் விசாக நன்னாளில் திருமலையாழ்வார் அவதரித்தார். நம்மாழ்வார் திருவவதாரம் செய்த நாளும் வைகாசி விசாகமே. பிற்காலத்தில் ஆழ்வாரின் திருவாய்மொழியே தம் உயிராகக் கொள்ளப்போகின்றவர் அதே நாளில் தோன்றியதைக் குருபரம்பரை நூல்கள் வியந்து பேசும்.

அக்காலத்தில் வைணவ உலகின் தலைவராய்த் திருவரங்கத்தில் வீற்றிருந்தவர் பிள்ளை லோகாசார்யர். வடமொழியின் நுட்பமும் தமிழின் எளிமையும் கலந்த நடையில் பதினெட்டு ரகசிய நூல்களை அருளியவர் அவர். அவற்றுள் ஸ்ரீவசன பூஷணம் தலையாயது. திருமலையாழ்வாருக்கு இளம்பருவத்திலேயே அம்மகானின் திருவடித் தொடர்பு கிட்டியது. அவரிடமே பஞ்ச சம்ஸ்காரம் பெறும் பேறும் வாய்த்தது. அறியாப் பருவத்தில் ஊன்றப்பெற்ற அவ்விதை முளைப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

அரசின் பொறுப்பு

வளர்ந்தபின் திருமலையாழ்வார் தமிழ்ப் புலமையில் சிறந்து விளங்கினார். அப்புலமையும் கூர்த்த மதியும் அவரை மதுரை அரசவைக்கு இட்டுச்சென்றன. அரசன் அவரைத் தன் முதன்மை ஆலோசகராகக் கொண்டான். அவ்வரசன் விரைவில் காலமாகிவிட, இளவரசனின் வளர்ப்பும் நாட்டின் ஆட்சியும் அமைச்சர் கையிலேயே வந்து சேர்ந்தன.

அஃது எளிய காலம் அன்று. 1310 ஆம் ஆண்டளவில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் மறைந்தபின் அவன் மைந்தர் இருவரும் அரியணைக்காகப் பொருதனர். 1311 ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்து மீண்டது. 1323 ஆம் ஆண்டில் தில்லிப் படை மீண்டும் தெற்கே இறங்கியது. திருவரங்கமும் மதுரையும் அல்லலுற்றன. கோயில்கள் பூட்டப்பட்டன, திருமேனிகள் காடும் மலையும் கடந்து ஒளித்துவைக்கப்பட்டன. இத்தகைய கொந்தளிப்பின் நடுவே மக்களுக்கு அச்சம் நீக்கி, வரவும் செலவும் பார்த்து, தந்தையற்ற இளவரசனையும் காத்துவந்த அமைச்சருக்கு ஓய்வு என்பது ஏது?

ஆகவே அவர் ஆசார்ய சம்பந்தத்தை மறந்தது சோம்பலால் அன்று, தீயொழுக்கத்தாலும் அன்று. கடமை என்னும் நல்ல பெயரே அவரை மறக்கச் செய்தது. தீயது ஒன்று மனிதனை இழுத்தால் அவனுக்கே அச்சம் தோன்றும். நல்லதாகிய தொழில் இழுக்கும்போதோ அச்சம் தோன்றுவதில்லை. ஊரார் புகழ்ச்சி வேறு அதற்குத் துணை நிற்கும். உழைப்பாளர் பலரும் தம்மை இழப்பது இவ்வழியிலேதான்.

யானைமலை அடிவாரத்தில்

1323 ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது நம்பெருமாளின் திருமேனியைக் காக்கும் பொருட்டு, முதுமையின் எல்லையில் இருந்த பிள்ளை லோகாசார்யர் அவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில் கள்வராலும் களைப்பாலும் நேர்ந்த இன்னல்களைத் தாங்கி, ஜ்யோதிஷ்குடி என்னும் இடத்தை வந்தடைந்தார். மதுரையை அடுத்த யானைமலை அடிவாரத்துக் கொடிக்குளமே அவ்வூர் என்பர். அங்கேயே அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

யானைமலை மதுரை நகரிலிருந்து பார்த்தாலே புலப்படும் குன்று. அதன் அடிவாரத்தில் ஆசார்யர் தம் இறுதி நாட்களைக் கழித்துக்கொண்டிருக்கையில், அவர் திருக்கையால் முத்திரை பெற்ற சீடர் நகருக்குள்ளே அரசுப் பணியில் ஆழ்ந்திருந்தார். எட்டி நடந்தால் அடையக்கூடிய தொலைவில் இருந்தும் அவர்கள் சந்திக்கவில்லை. திருமலையாழ்வார் வாழ்வில் ஈடுசெய்ய இயலாது போன இழப்பு இதுவே.

சீடர் மறந்தாரேனும் ஆசார்யர் மறக்கவில்லை. தம் அந்திம காலத்தில் கூரகுலோத்தம தாசர் முதலிய முதலிகளை அருகழைத்து, திருமலையாழ்வாரை மீட்டு நெறிப்படுத்துமாறும், சம்ப்ரதாயப் பொருளை அவருக்கு உபதேசிக்குமாறும் பணித்தார். ஒவ்வொரு முதலியிடத்தும் ஒவ்வொரு பொருளைப் பகிர்ந்து ஒப்படைத்தார். எதிர்காலத் தலைவரை உருவாக்கும் பணியை ஒருவர் தலையில் சுமத்தாமல் பலரிடத்தும் பங்கிட்டு வைத்த அவ்வேற்பாடு எண்ணி மகிழத்தக்கது.

பல்லக்கு நின்ற வீதி

ஆசார்ய நியமனத்தைத் தலைமேற்கொண்ட கூரகுலோத்தம தாசர் மதுரைக்கு வந்து தக்க வேளைக்குக் காத்திருந்தார். ஒருநாள் அமைச்சர் பல்லக்கில் ஏறி நகர்வலம் வந்தார். அவ்வழியில் நின்ற தாசர், நம்மாழ்வாரின் திருவிருத்தத்தை அனுசந்திக்கத் தொடங்கினார். பழகிய தமிழ், பயின்ற செவியைத் தொட்டது. பல்லக்கு நின்றது. அமைச்சர் அப்பாசுரத்தின் பொருளைக் கேட்டார்.

தாசர் விடை கூறவில்லை. ஏவல் செய்யும் குரலில், பல்லக்கின் மேலிருந்தவாறே கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் தந்த மறுமொழி, முகத்தை நோக்கி உமிழ்ந்ததே. காவலர் சினந்து பாய்ந்தனர். அமைச்சர் கையமர்த்தி அவர்களைத் தடுத்தார். தாசருக்கு ஊறு நேராமல் காத்து, பல்லக்கைத் திருப்பிக்கொண்டு இல்லம் சென்றார்.

ஒரு தலைவனின் தகுதி வெளிப்பட்டது அந்த ஒரு நொடியில்தான். நாட்டையே ஆட்டிவைக்கும் அதிகாரம் கையில் இருந்தது. வீதி முழுதும் பார்த்திருக்க அவமதிப்பு நேர்ந்தது. தண்டிக்கக் காவலரும் காத்திருந்தனர். எனினும் நேர்ந்தது என்ன என்று அறியுமுன் தண்டனை கூடாது என்னும் நிதானம் அவரை விட்டு நீங்கவில்லை. கீழ் வேலை செய்வோரைச் சிறு பிழைக்கும் சுடுசொல் கூறி விரட்டுவதே அதிகாரம் என்று எண்ணுவோர், இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் நலம்.

இல்லத்தில் அவருக்கு ஒரு சிறிய தாயார் இருந்தார். வெளியில் எவ்வளவு உயர்ந்த பதவியில் இருப்பினும், நாள்தோறும் நடந்ததை அவ்வம்மையாரிடம் கூறி அறிவுரை கேட்கும் வழக்கத்தை அமைச்சர் கைவிட்டதில்லை. அன்று நிகழ்ந்ததையும் ஒளிக்காமல் கூறினார். அம்மையார் அவருக்காக இரங்கவில்லை. பிள்ளை லோகாசார்யர் திருவடித் தொடர்பு இளமையில் கிட்டியதையும், அதனை அவர் நழுவவிட்டதையும் எடுத்துக்காட்டி, உமிழ்ந்தவர் பெருந்தகையாளராகவே இருத்தல் வேண்டும் என்று உணர்த்தினார்.

அரசவையில் அமைச்சரின் குறையைக் கூறத் துணிந்தவர் எவரும் இல்லை. வீட்டில் ஒருவர் இருந்தார். இல்லம் என்பது உண்டு உறங்கும் இடம் மட்டும் அன்று. உத்தியோகத்தின் ஒப்பனை கலைந்தபின் உள்ளபடி மனிதனைக் கண்டு, உள்ளபடி எடுத்துரைக்கும் சுற்றம் வாழும் இடம். அவ்விடத்துக்கு நாளில் ஒரு பகுதியைக் கொடாதவர், தம் குறையைக் கேட்டறியும் வாய்ப்பையே இழக்கின்றார். அமைச்சர் அவ்வழியை அடைத்துவிடாமல் வைத்திருந்ததே அவரைக் காப்பாற்றியது.

அன்று முதல் அவர் தாசரைத் தேடலானார். பின்னொரு நாள் யானைமீது ஏறிச் சென்றபோது, உயர்ந்ததோர் இடத்தில் தாசர் நிற்பதைக் கண்டார். உடனே கீழிறங்கி, ஊரார் காண அவர் திருவடிகளில் விழுந்து சேவித்தார். தாசரும் எடுத்து அணைத்து ஏற்றுக்கொண்டார். முன்பு பல்லக்கின் மேலிருந்து கேட்டவர்க்குக் கிடைக்காத பொருள், தரையில் விழுந்தவர்க்குக் கிடைக்கலாயிற்று.

திருமண்காப்பு நாழிகை

தாசரும் அவரைச் சார்ந்தோரும் தங்குவதற்கு அமைச்சர் இருப்பிடம் அமைத்துக் கொடுத்தார். பொருளுக்குக் குறைவில்லை, ஆட்களுக்கும் குறைவில்லை. காலம் ஒன்றே குறைவாயிருந்தது. கேட்க வேண்டிய ரகசியப் பொருள் கடலளவு. அரசுப் பணியோ அதனினும் பெரிதாய்ச் சூழ்ந்து நின்றது. அமைச்சர் தம் நாளை நாழிகை நாழிகையாக எண்ணிப் பார்த்தார். காலையில் திருமண்காப்புச் சாத்திக்கொள்ளும் வேளை ஒன்றே எவர்க்கும் உரிமையின்றித் தமக்கே உரியதாய் எஞ்சியிருந்தது. அவ்வேளையில் எழுந்தருளி உபதேசிக்குமாறு தாசரை வேண்டினார். தாசர் இசைந்தார்.

முதல்நாள் தாசர் சென்றபோது, அமைச்சர் பிள்ளை லோகாசார்யரின் தனியனை அனுசந்தித்தவாறே திருமண் இட்டுக்கொண்டிருந்தார். அதுகண்டு தாசர் திருவுள்ளம் குளிர்ந்தார். அன்று தொடங்கி நாள்தோறும் அச்சிறு பொழுதில் காலட்சேபம் நடைபெற்றது.

ஓய்வு வரட்டும், அப்போது கற்போம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஓய்வு வருவதில்லை. ஏலத்தோட்டத்தில் ஒரு தூரில் உள்ள காய்கள் அனைத்தும் ஒரே நாளில் பழுப்பதில்லை என்பதை இம்மலைப் பகுதியினர் அறிவர். அனைத்தும் பழுத்தபின் எடுப்போம் என்று இருப்பவர்க்குப் பழுத்தவை வீணாகும். பழுத்ததைப் பழுத்தபோது எடுத்து, மீண்டும் சில வாரங்கள் கழித்து வந்து அடுத்ததை எடுப்பதே தோட்டத்து முறை. நாளில் கனிந்திருக்கும் சிறு பொழுதை அன்றன்றே கொய்துகொண்டார் திருமலையாழ்வார்.

ஆயினும் ஆட்சிப் பணி விட்டுவைக்கவில்லை. ஒருநாள் அரசுக் காரியம் மேலிட்டதால், தாசர் எழுந்தருளிய வேளையில் அமைச்சரால் கேட்க இயலாது போயிற்று. தாசர் ஒன்றும் கூறாமல் திரும்பினார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

ஒரு நாழிகைதானே தவறியது என்று அமைச்சர் தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை. அது தவறிய நாளில் தம்மிடம் தமக்குரியதாக எஞ்சியது ஒன்றுமில்லை என்பதை உணர்ந்தார். உள்ளம் பதறித் தாசரின் இருப்பிடம் சென்று, விழுந்து பிழைபொறுக்க வேண்டினார். தாசர் மனம் இரங்கித் தாம் அமுது செய்த சேஷப் பிரசாதத்தை அளித்தார். அதனை உட்கொண்டபின் அமைச்சரின் நெஞ்சம் முற்றிலும் மாறியது. வாய் ஓயாமல் கூரகுலோத்தம தாசரின் திருவடிகளையே தஞ்சமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று குருபரம்பரை வரலாறு கூறும்.

பொறுப்பை ஒப்படைத்த முறை

அதன்பின் அவர் அரசுப் பணியினின்றும் விலகினார். விலகிய முறை நோக்கத்தக்கது. இளவரசன் சிறுவனாயிருந்த நாளில், படைகள் நாட்டைச் சூழ்ந்த நாளில், அவர் விட்டோடவில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நாட்டை, உரிய இளவரசனிடமே திரும்ப ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். பிறர் பொருளைக் காத்துத் திருப்பித் தந்தவர்க்கே விடைபெறும் உரிமை உண்டு.

தம்மையன்றி எதுவும் நடவாது என்று எண்ணுவது தலைமைக்கு வரும் நோய். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். நிழல் இன்றேல் வெயிலில் கருகும். ஆயினும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் தோட்டத்தில் நிழல்மரத்தின் கிளைகளைக் கழித்து விடுகின்றனர். கழியாது விட்டால் ஒளி புகாது. செடி தழைக்கும், காய் குறையும். தலைவனாய் நிற்பவனும் தன் கிளைகளைத் தானே கழித்துக்கொள்ளக் கற்றல் வேண்டும். அப்போதுதான் அவன் நிழலில் வளர்வோர் காய்ப்பர். இளவரசன் ஆளத் தகுந்தவனானதும் திருமலையாழ்வார் செய்தது அதுவே.

மீண்டும் மாணவராய்

ஆட்சியைத் துறந்தவர் தம் பழைய பெருமையையும் உடன்துறந்தார். கூரகுலோத்தம தாசருக்குத் தொண்டு செய்து அவரிடமே பயின்றார். தாசர் தம் இறுதிக் காலத்தில், ஏனைய பொருள்களைத் திருக்கண்ணங்குடிப் பிள்ளையிடமும், ஸ்ரீவசன பூஷணத்தின் ஆழ்பொருளை விளாஞ்சோலைப் பிள்ளையிடமும் கேட்குமாறு பணித்தார்.

திருக்கண்ணங்குடிப் பிள்ளை திருவாய்மொழியின் திரண்ட பொருளை உபதேசித்தார். பாசுரந்தோறும் சொல்லுக்குச் சொல் பொருள் கேட்க விழைந்த திருமலையாழ்வாரை, அவர் திருப்புட்குழி ஜீயரிடம் அனுப்பினார். நெடுவழி நடந்து சென்றபோது, அங்கே நடந்துகொண்டிருந்தது ஜீயர் திருநாட்டுக்கு எழுந்தருளிய பன்னிரண்டாம் நாள் சடங்கு. மதுரையில் கடந்துபோன ஆண்டுகளின் விலை மீண்டும் ஒருமுறை அவர் முன்னே வந்து நின்றது.

அவர் திரும்பிவிடவில்லை. அருகிலிருந்த காஞ்சிபுரம் சென்று தேவப்பெருமாளைச் சேவித்தார். அங்கே நாலூர்ப் பிள்ளையும் அவர்தம் குமாரர் நாலூராச்சான் பிள்ளையும் கிடைத்தனர். நம்பிள்ளை திருவரங்கத்தில் உரைத்தருள, வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி என்னும் பேருரை அவர்களுடைய மரபில்தான் பாதுகாக்கப்பட்டு வந்தது. முதுமையுற்ற தந்தையின் கட்டளைப்படி நாலூராச்சான் பிள்ளை கற்பிக்க, திருமலையாழ்வார் ஈட்டினை முற்றக் கற்றார். அதில் அவர் தோய்ந்த தோய்வைக் கண்ட பெரியோரே அவர்க்குத் திருவாய்மொழிப் பிள்ளை என்னும் பெயரைச் சூட்டினர்.

பின்னர்த் திருவனந்தபுரம் சென்று விளாஞ்சோலைப் பிள்ளையின் திருவடிகளை அடைந்தார். விளாஞ்சோலைப் பிள்ளை பிள்ளை லோகாசார்யரின் நேர்ச்சீடர்; ஆனால் அக்காலச் சமுதாய வழக்கில் கோயிலுக்குள் புகும் உரிமை மறுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். விளாமரத்தின் மீதேறிக் கோயில் விமானத்தைத் தொலைவிலிருந்தே சேவித்து வாழ்ந்தவர். திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவுகள் அனைத்துச் சாதியினர்க்கும் திறக்கப்பட்டது 1936 ஆம் ஆண்டில்தான். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, நாடாண்ட அமைச்சர் ஒருவர் அம்மகானின் முன் கைகட்டி நின்று பாடம் கேட்டார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர் எவராயினும் அவர்முன் பணியும் துணிவு, தலைமைப் பண்புகளுள் அரியது.

காடு வெட்டிய குரு

இத்தனை கற்றபின் அவர் சென்று தங்கிய இடம் நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூராகிய ஆழ்வார்திருநகரி. படையெடுப்புக் காலத்தில் ஆழ்வாரின் திருமேனி ஊரைவிட்டு வெளியே எழுந்தருளப் பண்ணப்பட்டு, மலைநாடு கடந்து திருக்கணாம்பி என்னும் ஊர் வரை சென்றிருந்தது. பொருநைக் கரையில் ஊர் பாழ்பட்டது. ஆழ்வார் அமர்ந்திருந்த திருப்புளியமரத்தைச் சூழ்ந்து காடு மண்டிக் கிடந்தது.

திருவாய்மொழிப் பிள்ளை முதலில் செய்தது உபதேசம் அன்று, காட்டை வெட்டியதே. முட்புதர் நீக்கி, வழி திறந்து, கோயிலைப் புதுக்கி, ஆழ்வாரை மீண்டும் தம் இருப்பிடத்தில் எழுந்தருளப் பண்ணினார். ஊரின் மேற்குப் பகுதியில் பவிஷ்யதாசார்யராகிய எம்பெருமானார்க்குச் சந்நிதி அமைத்தார். சந்நிதியைச் சுற்றி நான்கு வீதிகள் வகுத்து, இராமானுச சதுர்வேதி மங்கலம் என்று பெயரிட்டு, நித்திய கைங்கரியம் குறைவின்றி நடக்கும்படி குடும்பங்களைக் குடியேற்றினார். காடு வெட்டிய குரு என்று அவரை வழங்கும் வழக்கம் இதனால் எழுந்தது.

மதுரையில் கற்ற ஆட்சித் திறம் வீண்போகவில்லை என்பதை இங்கே காணலாம். இடம் தேர்தல், ஆட்களைத் திரட்டல், பணிகளைப் பங்கிடல், தாம் இல்லாத நாளிலும் நடக்கும்படி ஏற்பாடு செய்தல் ஆகிய அனைத்தும் அமைச்சரின் கைத்திறமே. முன்பு அத்திறம் அவரை ஆண்டது. இப்போது அவர் அத்திறத்தை ஆண்டார். தொழிலுக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை என்பது தொழிலை வெறுத்து ஒதுக்குவது அன்று. தொழிலில் பெற்ற ஆற்றலை, வாழ்வு எதன்பொருட்டோ அதற்கு ஆட்படுத்துவதே என்பதை அவர் காட்டினார்.

இத்தனை பணிகளுக்கு இடையிலும் நாள்தோறும் திருவாய்மொழியை ஆழ்ந்து அனுபவிக்கும் பொழுதினை அவர் விடவில்லை. மதுரையில் ஒரு நாழிகையாய்த் தொடங்கியது, திருநகரியில் நாள் முழுதுமாய் விரிந்தது. பெரியாழ்வார் திருமொழிக்கு ஸ்வாபதேச உரையும் அருளினார்.

தமக்குப் பின் யார்

1370 ஆம் ஆண்டு ஐப்பசி மூல நன்னாளில் ஆழ்வார்திருநகரியில் ஒரு குழந்தை பிறந்தது. தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய சிக்கிற்கிடாரத்தில் வளர்ந்த அக்குழந்தை, இளைஞராய்த் திரும்பிவந்து திருவாய்மொழிப் பிள்ளையின் திருவடிகளில் அமர்ந்தது. அவ்விளைஞரே அழகிய மணவாளர்; பிற்காலத்து மணவாள மாமுனிகள். அப்போது அவர் மனைவி மக்களோடு இல்லறத்தில் வாழ்ந்தவர். இல்லறம் கல்விக்கு இடையூறு என்று பிள்ளை அவரை ஒதுக்கவில்லை. எம்பெருமானார் சந்நிதியில் கைங்கரியத்தை அவரிடம் ஒப்படைத்து, தாம் அரிதின் முயன்று தேடிச் சேர்த்த ஈட்டுப் பொருள் அனைத்தையும் அவருக்கு எளிதில் வழங்கினார்.

யானைமலைத் தொலைவைக் கடவாது தாம் இழந்ததும், திருப்புட்குழிக்குக் காலம் தாழ்ந்து சென்றதும் பிள்ளை மறவாதவை. கற்பிப்பவர் காலமாகுமுன் கற்பவர் வருதல் வேண்டும். கற்பவர் வந்தபோது கற்பிப்பவரும் காலம் ஒதுக்குதல் வேண்டும். ஆதலின் மாணவர் வாய்த்தபோது அவர் எதையும் பின்னைக்கு வைக்கவில்லை.

முதுமை வந்து உடல் தளர்ந்தபோது அவர் உள்ளத்தை ஒரே கவலை வாட்டியது. தமக்குப் பின் இத்தரிசனத்தைத் தாங்குவார் யார் என்பதே அது. குறிப்பறிந்த அழகிய மணவாளர் அப்பொறுப்பைத் தாம் ஏற்பதாக உறுதி கூற, பிள்ளை ஆறுதல் அடைந்தார். ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை கேட்டறிந்து, ஆழ்வார்களின் அருளிச்செயலிலேயே ஊன்றி நிற்குமாறும், திருவரங்கம் சென்று நம்பெருமாளுக்கு மங்களாசாசனம் செய்து வாழுமாறும் பணித்து, ஆழ்வார்திருநகரியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

ஒப்படைத்தது வீண்போகவில்லை. மாமுனிகள் திருவரங்கம் சென்றார், சந்நியாசம் ஏற்றார், நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டுக் காலம் ஈட்டினைக் காலட்சேபம் செய்தார். அதன் நிறைவாகிய ஆனி மூல நாளில் அரங்கனே சிறுவன் வடிவில் வந்து அளித்த காணிக்கை என்று பெரியோர் போற்றுவது அந்த ஸ்ரீசைலேச தனியன். மாணவரைப் புகழ வந்த இடத்தில், அவருக்கு அடையாளமாய் ஆசார்யரின் அருளே முதலில் வைக்கப்பட்டது. மதுரையை ஆண்ட ஆட்சிக்குக் கல்வெட்டு ஒன்றும் அவர் நாடவில்லை. தாம் உருவாக்கிய ஒருவரின் பெயரோடு சேர்ந்து அவர் பெயர் இன்றும் கோயில்தோறும் ஒலிக்கின்றது.

அடியார்களுக்கு

திருமலையாழ்வாரின் வரலாறு தொழிலை விட்டுவிடச் சொல்லவில்லை. மலைக்குச் சென்றாலன்றி உலை ஏறாத குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல. பழம் எடுக்கும் பருவத்தில் ஒருநாள் நின்றாலும் கூலி நிற்கும். அவர்களிடம் அனைத்தையும் துறந்து வருமாறு எவரும் கூறவில்லை. பிள்ளையும் முதல்நாளில் அனைத்தையும் துறக்கவில்லை. திருமண்காப்புச் சாத்தும் நாழிகை ஒன்றை மட்டும் தமக்கென்று வேலி கட்டிக்கொண்டார். மற்றவை அதிலிருந்து விளைந்தன.

அத்தகைய ஒரு நாழிகை எவர்க்கும் உண்டு. ஜீப்பு வருமுன் வாசலில் நிற்கும் பொழுதாகவும் அது இருக்கலாம். பிள்ளைகள் உறங்குமுன் அவர்களோடு பேசியிருக்கும் பொழுதாகவும் இருக்கலாம். வேலை வாங்கும் நிலையில் உள்ளோர்க்கு மற்றுமொரு கடமையும் உண்டு. தம் கீழ் உழைப்போரின் அந்த ஒரு நாழிகையையும் பறித்துக்கொள்ளாதிருத்தலே அது. வாரம் ஒருநாள் முன்னதாக மலையிறங்க விடும் முதலாளியும், விழா நாளில் விடுப்பளிக்கும் மேற்பார்வையாளரும் பிள்ளையின் வரலாற்றை ஓதாமலே உணர்ந்தவர் ஆவர்.

வைகாசி விசாகம் இம்மலைச்சாரலில் மழையை எதிர்நோக்கி, நிழல்மரங்களின் கிளை கழித்துக் காத்திருக்கும் காலம். அந்நாளில் நம்மாழ்வாரை நினைக்கும் அடியார்கள், அதே நாளில் பிறந்து, அவர் ஊரின் காட்டை வெட்டி அவரை மீண்டும் எழுந்தருளப் பண்ணிய அமைச்சரையும் நினைத்தல் தகும். கோஷ்டியில் அடுத்த முறை அத்தனியன் தொடங்கும்போது, அதன் முதற்பெயர் யாருடையது என்பதை அறிந்து கைகூப்பும் பேறு அனைவர்க்கும் வாய்க்க எம்பெருமான் திருவுள்ளம் பற்றுவானாக.

திருவாய்மொழிப் பிள்ளை திருவடிகளே சரணம்.